ஏர் ஃப்ரையரில் ஃப்ரோசன் மோமோ: முதலில் ஈரம், அப்புறம்தான் நிறம்

ஏர் ஃப்ரையர் எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு சுருள் கம்பி பழுக்கக் காய்கிறது, அதையொட்டி ஒரு விசிறி சுற்றுகிறது, அந்தச் சூட்டுக் காற்று கூடைக்குள் சுழன்று சுழன்று அடிக்கிறது. அவ்வளவுதான் அதன் வித்தை. கோழிக்காலுக்கு இது போதும். தனக்கு வேண்டிய கொழுப்பையும் தண்ணீரையும் அதுவே வைத்திருக்கிறது. மோமோ என்பது உள்ளே பூரணம் வைத்து மடித்த, கொழுக்கட்டை மாதிரியான பண்டம். அதன் மேல்மாவு அப்படியல்ல. மெல்லிய மைதா அது. மைதா வேகச் சூடு மட்டும் பத்தாது, தண்ணீரும் வேண்டும். ஆவியில் வைத்தால் அந்தத் தண்ணீர் தானாகக் கிடைத்துவிடும். காய்ந்த காற்றில் கிடைக்காது. கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாமே இந்த ஒரு குறையைச் சரிக்கட்டத்தான்.

ஓசூரில் சாயங்காலம் ஆனால் மோமோ வண்டி நிற்காத கடைத்தெரு இப்போது குறைவு. நேபாளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பிழைக்க வந்த பிள்ளைகளோடு வந்த பண்டம், பெங்களூர் வழியாக இங்கே ஊன்றிவிட்டது. கிருஷ்ணகிரி, தர்மபுரி சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்களிலும் பனிக்கட்டியாக உறைந்த மோமோ பாக்கெட் கிடைக்கிறது. சிப்காட்டில் ஷிப்டு முடித்து அறைக்கு வருகிறவர்களும், பள்ளி விட்டு வந்ததும் தின்ன ஏதாவது கேட்கும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களும்தான் அதிகம் வாங்குகிறார்கள். அவர்களில் ஏர் ஃப்ரையரைப் புதிதாகத் தொடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் தட்டோடு வந்து நின்றாள்.

"அக்கா, ஓரமெல்லாம் அப்பளமாட்டம் ஆயிப்போச்சு. நடுவுல கடிச்சா சில்லுனு இருக்குது. மெஷின்லயே கோளாறா?"

"தண்ணி காட்டினியா?"

"ஃப்ரையருக்கு எதுக்குக்கா தண்ணி?"

தட்டைப் பார்த்தேன். மடிப்புகளின் நுனியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. விரலால் தேய்த்தால் மாவு உதிர்ந்தது. அந்த வெள்ளைத் திட்டைக் கண்டுகொள்ளப் பழகிக்கொள்ளுங்கள். அது நிறம் ஏறாத இடம் அல்ல, வேகாத இடம். எத்தனை நிமிடம் கூட்டி வைத்தாலும் அது வேகாது, கல்லாகத்தான் போகும். ஈரம் போய்விட்டால் மாவு வேகும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது.

பிளக்கும் இடமும்

வீட்டு ஏர் ஃப்ரையர்கள் பெரும்பாலும் 1200 முதல் 1700 வாட் வரை இழுப்பவை. 1500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் ஓடும். ஃபோன் சார்ஜர் மாட்டும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கு மேல் தாங்காது. ஆகவே கிரைண்டருக்கோ கீசருக்கோ போட்டிருக்கும் 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். வாடகை அறையில் பவர் பிளக் குளியலறைப் பக்கம் ஒன்றே ஒன்று இருக்கும். அங்கிருந்து மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்து, அதிலேயே இன்டக்‌ஷன் அடுப்பையும் சேர்த்து மாட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் ஆபத்து. வயரைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் உடனே நிறுத்துங்கள். இன்வெர்ட்டர் லைனிலும் ஓட்டக்கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் இந்த பாரத்தை இழுக்கவே இழுக்காது.

பின்பக்கம் சூட்டுக் காற்று வெளியேறும் துவாரம் இருக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இடம் இல்லையென்று கேஸ் அடுப்பின் மேல் வைப்பவர்கள் உண்டு. பர்னர் திருகு தெரியாமல் திரும்பிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்த வேலையைச் செய்ய மாட்டீர்கள். புது இயந்திரமாக இருந்தால் முதல் தடவை வெறும் கூடையோடு 200 டிகிரியில் பத்து நிமிடம் ஓட்டி, ஜன்னலைத் திறந்து வைத்து, பிளாஸ்டிக் வாடையைப் போக்கிவிட்டுப் பிறகு சமையுங்கள்.

கரண்டு பில் பயம் வேண்டாம். 1500 வாட்டில் கால் மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் அரை யூனிட்டைத் தொடாது. சூடு ஏறியதும் கம்பி தானே அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும்.

பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள்

வாங்கும்போது பாக்கெட்டைக் கையில் எடுத்து மெல்லக் குலுக்குங்கள். உள்ளே கூழாங்கல் மாதிரி தனித்தனியாகச் சத்தம் கேட்க வேண்டும். எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தாலோ, உள்ளே பனித்தூள் நிறையச் சேர்ந்திருந்தாலோ, அது வழியிலோ கடையிலோ ஒரு தடவை உருகி மறுபடி உறைந்த சரக்கு. மைனஸ் 18 டிகிரியிலேயே வைத்திருக்க வேண்டும் என்று உறையில் போட்டிருப்பார்கள். ராத்திரி ஃப்ரீசரை அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. கட்டியான பாக்கெட்டைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம், கோழி மோமோவாக இருந்தால் தொடவே வேண்டாம்.

சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். சதுரத்துக்குள் இருக்கும் அந்தக் குறியைப் பார்த்து வாங்குங்கள், படத்தைப் பார்த்து வேண்டாம். சோயா மோமோ படத்தில் கறி மாதிரிதான் தெரியும்.

ஓசூரில் வாங்கித் தர்மபுரிக்குக் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டியது வழிநேரம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். சித்திரை வெயிலில் துணிப்பைக்குள் அது தாங்காது. நாலைந்து தாள் செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, இன்னொரு உறைந்த பாக்கெட்டோடு சேர்த்துத் தெர்மோகோல் பெட்டியில் வைத்தால் தாங்கும். வீடு வந்து சேர்ந்ததும் ஒன்றை அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் ஃப்ரீசருக்குள் போகலாம். விரல் பதிந்தால் அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக்கூடாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் மேலே இருக்கும் சின்ன ஃப்ரீசரின் கதவு அடிக்கடி திறப்பதாலும் கரண்டு போய் வருவதாலும் சூடு ஏறி இறங்கும். அதில் மாதக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள்.

வேகவைத்ததா, பச்சையா?

உறையின் பின்பக்கத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் மோமோக்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே ஆவியில் வேகவைத்து, பிறகு உறைய வைக்கப்பட்டவை. சூடாக்கி, மேலே நிறம் ஏற்றினால் போதும். சில பாக்கெட்டுகள் பச்சை மாவாகவே உறைந்தவை. சீன, ஜப்பானிய வகை டம்ப்ளிங் என்று பெரிய கடைகளில் கிடைப்பவற்றில் இது அதிகம்.

உறையில் தெளிவாக இல்லையென்றால் மாவைப் பாருங்கள். வெந்த மாவு லேசாகக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும், மேலே பளபளப்பு இருக்கும். பச்சை மாவு சுண்ணாம்பு வெள்ளையாக, பொடி தூவினாற்போல் இருக்கும். சந்தேகமானால் பச்சை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெந்ததை மறுபடி வேகவைத்தால் கொஞ்சம் குழையும், நஷ்டமில்லை. பச்சையை வெந்ததென்று நினைத்து, அதுவும் உள்ளே கோழி இருந்து, அரைவேக்காட்டில் தின்றால் வயிறு கேட்காது.

வேகவைத்து உறைந்த மோமோவுக்கு

உருக விடாதீர்கள். இதுதான் முதல் படி. வெளியே எடுத்து வைத்தால் மேலிருக்கும் பனி உருகி மாவு பிசுபிசுக்கும், ஒன்றோடொன்று ஒட்டும், பிரிக்கும்போது கிழியும். ஃப்ரீசரிலிருந்து நேராக அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அதற்கு முன்பே ஏர் ஃப்ரையரை 180 டிகிரியில் மூன்று நிமிடம் வெறுமனே ஓட்டிச் சூடாக்கிவிடுங்கள். கூடவே அகலமான பாத்திரத்தில் நல்ல கொதிநீர் எடுத்து வையுங்கள். மோமோக்களை ஜல்லிக் கரண்டியில் வைத்து அந்தத் தண்ணீரில் முக்கி, இருபது முப்பது விநாடியில் தூக்கிவிடுங்கள். மடிப்பு நுனி முழுகியதா என்று பாருங்கள், காய்வது அங்கேதான் முதலில். தூக்கிய பிறகு கரண்டியிலேயே தண்ணீர் சொட்டு நிற்கும்வரை பிடித்திருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டால் மேல்மாவு கொழகொழத்துவிடும்.

இப்போது எண்ணெய். ஈரத்தின் மேலேயே பிரஷ்ஷால் தடவுங்கள். எட்டு மோமோவுக்கு ஒன்றரை டீஸ்பூன் ஏராளம். எண்ணெய் என்ன செய்கிறதென்றால், கீழே இருக்கும் ஈரம் ஓடிவிடாமல் மூடி வைக்கிறது, கடைசியில் நிறத்தையும் கொடுக்கிறது. கடலை எண்ணெய் எனக்குப் பிடிக்கும். வாசனை வேண்டாதவர்கள் சூரியகாந்தி எண்ணெய் தடவலாம். டப்பாவில் அடைத்து விற்கும் அழுத்தமான ஸ்பிரே எண்ணெய்களைக் கூடையில் அடிக்காதீர்கள். அவற்றில் சேர்த்திருக்கும் லெசித்தின் நான்ஸ்டிக் பூச்சின் மேல் பிசினாகப் படிந்துவிடும், தேய்த்தாலும் போகாது.

கூடையிலும் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு மோமோவை அடுக்குங்கள். மடிப்பு மேலே, தட்டைப் பக்கம் கீழே, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. ஒன்றின் மேல் ஒன்று கூடாது. 4 லிட்டர் கூடையில் எட்டு, நெருக்கினால் பத்து. பாக்கெட்டில் இருபது இருக்கிறதே, ஒரே ஈடாகப் போட்டுவிடலாம் என்று தோன்றும். இட்லி மாதிரி நினைத்து அடுக்கினால் காற்று உள்ளே நுழைய வழியில்லாமல் மேல் வரிசை கருகி, கீழ் வரிசை பச்சையாக நிற்கும். இரண்டு ஈடாகவே போடுங்கள். இரண்டாவது ஈட்டுக்கு இயந்திரம் ஏற்கெனவே சூடாக இருப்பதால் ஒரு நிமிடம் குறைத்துக்கொள்ளலாம்.

180 டிகிரியில் ஆறு நிமிடம். பிறகு கூடையை இழுத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். கூடையைக் குலுக்கிப் புரட்டுவது உருளைக்கிழங்குக்குச் சரி, மோமோவுக்கு மடிப்பு பிரிந்து பூரணம் கொட்டும். வறண்டு தெரியும் இடங்களில் மறுபடி பிரஷ்ஷை ஓட்டுங்கள். இன்னும் நாலு நிமிடம். நிறம் போதாது என்று பட்டால் மட்டும் 200 டிகிரிக்கு ஏற்றி ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு. இந்தக் கடைசி இரண்டு நிமிடமும் பக்கத்திலேயே நில்லுங்கள், பொன்னிறத்திலிருந்து கருப்புக்குப் போக அதற்கு அதிக நேரம் ஆகாது.

வெந்ததா என்று பார்க்க ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். நடுவிலிருந்து ஆவி வர வேண்டும். கோழி மோமோவுக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால்தான் பத்திரம். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் பூரணத்தில் ரோஸ் நிறம் கொஞ்சமும் இருக்கக்கூடாது. எடுத்ததும் வாயில் போடாமல் இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். மேலே சூடு குறைந்த மாதிரி தெரியும், உள்ளே முட்டைக்கோஸ் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்.

பச்சையாக உறைந்தவற்றுக்கு

இங்கே நான் ஏர் ஃப்ரையரை முழுக்க நம்ப மாட்டேன். இட்லிக் குண்டான் இருக்கும் வீட்டில் நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. இட்லித் தட்டில் எண்ணெய் தடவி, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு, மோமோவை உறைந்தபடியே வைத்து மூடி, காய்கறி மோமோவுக்குப் பத்து நிமிடம், கோழிக்குப் பன்னிரண்டு. மாவு கண்ணாடி மாதிரி மாறியிருக்கும். எடுத்து எண்ணெய் தடவி, 190 டிகிரி ஏர் ஃப்ரையரில் ஐந்து நிமிடம். அடியும் மேலும் மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. எனக்குக் கேட்டால், வேகவைத்து உறைந்த மோமோவுக்கும் இதுவே சிறந்த வழி. இரண்டு பாத்திரம் கழுவ வேண்டும் என்பது மட்டும்தான் குறை. அப்படிச் செய்தால் ஆவியில் ஐந்தாறு நிமிடம் போதும்.

ஓசூர்க்காரர்கள் ஆவி நேரத்தில் இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் தண்ணீரின் கொதிநிலை குறைவதால், அங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியும் அதே சூடுதான். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பருப்பு வேக நேரமாவதற்கும் இதுவே காரணம். மலைக்குக் கீழே தர்மபுரியில் அந்த வித்தியாசம் பாதிதான்.

அறையில் இட்லிக் குண்டானும் அடுப்பும் இல்லை, ஏர் ஃப்ரையர் மட்டும்தான் என்றால் வேறு வழி உண்டு. கூடைக்குள் அடங்கும் எவர்சில்வர் கிண்ணமோ கேக் டின்னோ எடுத்துக்கொள்ளுங்கள். (மைக்ரோவேவில்தான் உலோகம் கூடாது, இதில் தடையில்லை. பிளாஸ்டிக்தான் கூடாது.) உள்ளே எண்ணெய் தடவி, மோமோவை அடுக்கி, நாலு ஸ்பூன் கொதிநீர் ஊற்றி, வாயை அலுமினியத் தாளால் விளிம்பைச் சுற்றி இறுக்கி மடித்து மூடுங்கள். தாள் தளர்வாக இருந்தால் விசிறிக் காற்று அதைப் பிய்த்து மேலே கம்பியில் ஒட்டவைத்துவிடும். 180 டிகிரியில் பதினைந்து நிமிடம். தாளை எடுக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஆவி குப்பென்று வரும். மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, எண்ணெய் தடவி, திறந்தபடி 190 டிகிரியில் இன்னும் ஐந்து நிமிடம். மொறுமொறுப்பு வேண்டாம், வண்டிக்கடை மாதிரி மெத்தென்று இருந்தால் போதும் என்பவர்கள் கடைசி ஐந்து நிமிடத்தை விட்டுவிடலாம். கோழியாக இருந்தால் மட்டும் பிட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

நிமிடத்தை ஏன் நம்பக்கூடாது

மேலே கொடுத்த நேரமெல்லாம் வோல்டேஜ் சரியாக இருக்கும் வீட்டுக்கு. பென்னாகரம், அரூர்ப் பக்கக் கிராமங்களில் சாயங்காலம் மோட்டாரெல்லாம் ஓடும் நேரத்தில் 180 வோல்ட்டுக்கு இறங்குவதும் உண்டு. 230-க்கு 180 என்பது பார்க்க ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் சூட்டுக் கம்பியின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். 1500 வாட் இயந்திரம் 920 வாட் அளவுக்குத்தான் காயும். பத்து நிமிடத்தில் முடியும் மோமோ பதினைந்தானாலும் வெளிறியே நிற்பது இதனால்தான். இதில் இன்னொரு சங்கடம், சூடு போதாமல் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் மாவு நிறம் ஏறாமலே காய்ந்துபோகும். விளக்கு மங்கலாக எரிகிற நேரத்தில் ஏர் ஃப்ரையரை விட்டுவிட்டு இட்லிக் குண்டானுக்குப் போய்விடுவது மேல். கேஸுக்கு வோல்டேஜ் பிரச்சினை கிடையாது.

தக்காளிச் சட்னி, அதே கூடையில்

மோமோவுக்குப் பாக்கெட்டோடு வரும் சாஸ் எனக்குப் பிடிக்காது. ராயக்கோட்டையும் பாலக்கோடும் தக்காளி விளைகிற பூமி. வண்டி வண்டியாக வெளியூர் போகிற தக்காளியை இங்கே இருந்துகொண்டு பாக்கெட்டில் வாங்குவானேன்?

நாலு தக்காளியை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி கூடையில் வையுங்கள். ஏழெட்டுப் பல் பூண்டைத் தோலோடு ஓரத்தில் போடுங்கள். 200 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம். விளிம்பு கருகினால் நல்லது, அதில்தான் சுட்ட வாசனை. காய்ந்த மிளகாயைக் கூடையில் போடவே கூடாது. எடையில்லாததால் காற்றில் எழும்பிக் கம்பியில் போய் ஒட்டி எரியும், வீடே இருமும். எட்டு மிளகாயைத் தனியாகக் கொதிநீரில் கால் மணி நேரம் ஊறவைத்துவிடுங்கள். பூண்டைத் தோலிலிருந்து பிதுக்கி, தக்காளி, மிளகாய், உப்பு, ஒரு ஸ்பூன் வறுத்த எள், ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் சட்னி தயார். நாட்டுத் தக்காளியானால் அதன் புளிப்பே போதும். ஹைபிரிட் தக்காளிக்குப் புளிப்பு குறைவு, சுண்டைக்காய் அளவு புளி சேர்த்துக்கொள்ளுங்கள். சட்னியை முதலில் செய்துவிட்டு மோமோவை அப்புறம் போடுவது வசதி, கூடையும் சூடாக இருக்கும்.

மயோனைஸ் தொட்டுத் தின்னும் பழக்கம் பிள்ளைகளுக்கு வண்டிக்கடையிலிருந்து வந்துவிட்டது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. அதன் பின்னணி உணவு நச்சு பயம்தான். வேண்டுமென்றால் முட்டையில்லாத மயோனைஸ் பாட்டிலாகக் கிடைக்கிறது.

வீட்டிலேயே உறைய வைக்க, கேழ்வரகும் சேர்த்து

பாக்கெட் மோமோ பழகிய பிறகு சொந்தமாகச் செய்து உறைய வைக்க ஆசை வரும். நம் மாவட்டங்களில் கேழ்வரகு மாவு இல்லாத வீடு கிடையாது. 2023-ல் தர்மபுரியில் ரேஷன் கடையிலேயே அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆனால் முழுக்கக் கேழ்வரகில் மோமோ மடிக்க வராது. மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் அதில் இல்லாததால் மடிப்பு வைக்கும்போதே வெடிக்கும். கேழ்வரகும் மைதாவும் சரிபாதி கலந்து, உப்புப் போட்டு, நல்ல சூடான தண்ணீரில் பிசைந்து, அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைத்த பிறகு தேய்த்தால் மடிக்க வரும். கடைப் பாக்கெட்டைவிடக் கொஞ்சம் தடிமனாகவே தேயுங்கள்.

பூரணத்துக்கு முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, உப்புப் பிசறி, பத்து நிமிடம் கழித்துப் பிழிந்துவிட வேண்டும். பிழியாமல் வைத்தால் உறையும்போது அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகி மேல்மாவைக் கிழிக்கும். மடித்ததை ஆவியில் எட்டு நிமிடம் வேகவைத்து, முழுக்க ஆறவிட்டு, எண்ணெய் தடவிய தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லானதும்தான் கவருக்கு மாற்ற வேண்டும். ஆறாமல் வைத்தாலும், தட்டில் உறையாமல் நேராகக் கவரில் போட்டாலும் கட்டியாகிவிடும். கேழ்வரகு மோமோவுக்கு ஏர் ஃப்ரையர் சூட்டை 170-க்கு இறக்கி, எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகத் தடவுங்கள். பழுப்பு மாவில் நிறம் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, எனவே நிறத்தைப் பார்த்துக் காத்திருக்காமல் பத்து நிமிடத்தில் ஒன்றைத் தட்டிப் பாருங்கள். டொக்கென்று கேட்டால் எடுத்துவிடலாம்.

அடிக்கடி கேட்கும் மூன்று சந்தேகங்கள்

கூடையில் ஒட்டிக்கொள்கிறது என்பார்கள். மோமோவில் தண்ணீர் சொட்டச் சொட்ட வைத்திருப்பார்கள், அல்லது கூடையில் எண்ணெய் தொட்டிருக்க மாட்டார்கள். துளை போட்ட பட்டர் பேப்பர் விரிக்கலாம், ஆனால் மோமோவை அதன் மேல் வைத்த பிறகுதான் உள்ளே தள்ள வேண்டும். காலியாகச் சூடாக்கும்போது பேப்பரை மட்டும் விட்டால் பறந்து கம்பியில் ஒட்டித் தீப்பிடிக்கும்.

புகை வருகிறது என்பார்கள். பெரும்பாலும் போன தடவை வழிந்த எண்ணெய் அடித்தட்டில் காய்ந்து கிடக்கும். சமைத்து முடித்து, கூடை கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் பஞ்சாலேயே போய்விடும். கம்பி நார் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கழுவியதைத் தானாகக் காயவிடாதீர்கள், வெள்ளை வெள்ளையாகப் படியும். துணியால் துடைத்துவிட வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறிய பிறகு, இயந்திரத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கம்பியையும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

மிச்சமானதை மறுநாள் சூடாக்கலாமா என்பது மூன்றாவது. ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் மறுநாள் தாராளமாகச் சூடாக்கலாம். அப்போதும் கைவிரலைத் தண்ணீரில் நனைத்து மடிப்புகளில் தடவிவிட்டு, 160 டிகிரியில் நாலைந்து நிமிடம். கோழி மோமோ ராத்திரி முழுக்க மேசை மேலேயே கிடந்திருந்தால் சூடாக்கியும் பிரயோஜனமில்லை, கொட்டிவிடுங்கள்.